சாவியை வாங்கும் முன்: ஊருக்கு வருவோருக்கு இருசக்கர வண்டிச் சட்டம்

ஊருக்கு வந்து இறங்கிய மறுநாள் காலை இட்லித் தட்டு முன்னால் வருவதற்குள் வண்டிச் சாவி வந்துவிடும். சித்தப்பா நீட்டுவார், மாமா நீட்டுவார், பக்கத்து வீட்டு அண்ணன்கூட நீட்டுவார். “கடைத்தெருவுக்குப் போக வேண்டுமென்றால் எடுத்துக்கொள் தம்பி, பெட்ரோல் இருக்கிறது.” பள்ளிக்கூட நாட்களில் டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் ஓட்டிய கை. பன்னிரண்டு வருடம் கழித்தும் ஆக்சிலேட்டரைத் திருக மறக்கவில்லை. நானும் அப்படித்தான் பல விடுமுறைகளை ஓட்டித் தீர்த்தேன். ஒருநாள் ரவுண்டானாவில் போக்குவரத்துக் காவலர் கை காட்டி நிறுத்தி உரிமத்தைக் கேட்டபோதுதான் என் சட்டைப் பையில் இருந்தது வெளிநாட்டுக் கார் லைசென்ஸ் மட்டும் என்பது உறைத்தது. அபராதம் எனக்கு மட்டும் விழவில்லை. வண்டியைக் கொடுத்த குற்றத்துக்காகச் சித்தப்பாவின் பெயரிலும் விழுந்தது.

தமிழ்நாட்டுக்கு விடுமுறையில் வருகிறவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 181ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் ஓட்டுகிறவருக்கு 5,000 ரூபாய் அபராதம். அப்படிப்பட்டவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கு 180ஆம் பிரிவில் தனியாக 5,000 ரூபாய். மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. விபத்து என்றால் கதை இன்னும் நீளும். முறையான உரிமம் இல்லாதவர் ஓட்டி யாராவது அடிபட்டால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்ற வழியை உச்ச நீதிமன்றம் 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உறுதிசெய்தது. நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். நிலத்தையோ நகையையோ விற்றுக் கட்ட வேண்டியவர் சித்தப்பா.

எந்த உரிமம் செல்லும்? வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவராக இருந்தால், வசிக்கும் நாட்டு அசல் உரிமமும், 1949ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி வழங்கப்பட்ட சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் சேர்ந்தே கையில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் போதாது. உரிமம் கொடுத்த நாட்டில்தான் இந்த அனுமதியும் கிடைக்கும் என்பதால் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். ஓராண்டுதான் செல்லும். சென்ற தடவை வந்தபோது வாங்கியது பெட்டியில் கிடக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

அந்தச் சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து எந்த வகுப்புக்கு எதிரே முத்திரை குத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘பி’ என்றால் கார். ‘ஏ’ என்றால் மோட்டார் சைக்கிள். நம்மவர்களில் பலர் சறுக்குவது இங்கேதான். ஒன்டாரியோவின் ஜி வகுப்பு உரிமத்தில் இருசக்கர வண்டி வராது. வளைகுடாவில் கார் உரிமம் மட்டும் எடுத்தவருக்கும் அதே நிலைதான். சிங்கப்பூரில் 2பி, மலேசியாவில் பி2 வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. முறையே 200 சிசி, 250 சிசி வரை அங்கேயே ஓட்டிப் பழகியவர்கள், அனுமதியிலும் ‘ஏ’ முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

பிரிட்டன்காரர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 2001 பிப்ரவரிக்கு முன் கார் தேர்வில் தேறியவர்களுக்கு அங்கே மொபெட் ஓட்டவும் உரிமை உண்டு. அதை நம்பி எக்ஸ்எல்லில் ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சட்டம் மொபெட் என்று சொல்வது 50 சிசிக்கும் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட வண்டியை. நாம் மொபெட் என்று கூப்பிடும் எக்ஸ்எல் 100இன் என்ஜின் 99.7 சிசி. பெயர் ஒன்று, வண்டி வேறு.

இந்தப் பெயர்க் குழப்பத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1972இல் லூனா வந்தபோதும், 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தபோதும் மொபெட் என்றால் உண்மையிலேயே 50 சிசிதான். மிதித்தும் ஓட்டலாம், என்ஜினை உயிர்ப்பித்தும் ஓட்டலாம். பால்காரர், காய்கறிக்காரர், நெல் மூட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு போகும் விவசாயி என்று அது தமிழ்நாட்டின் பாதி வேலையைச் சுமந்தது. எண் மாறி 70 ஆகி, 100 ஆன பிறகும் ஊரில் இன்னும் அதற்கு ‘டிவிஎஸ் பிஃப்டி’தான் பெயர். சட்டமும் அந்தக் காலத்திலேயே ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கிறது. 50 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளைப் பதினாறு வயது நிறைந்தவர் உரிமத்துடன் ஓட்டலாம் என்கிறது 4ஆம் பிரிவு. ஆனால் கடையில் புதிதாக நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் ஏறக்குறைய எல்லாமே 100 சிசிக்கு மேல். ஆகவே பெற்றோர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய வயது பதினெட்டு. கியர் இல்லாத வண்டி என்பதால் விலக்கு எதுவும் கிடையாது.

பதினாறு வயது மகனை அத்தை மகனோடு ஸ்கூட்டியில் ஆற்றங்கரை வரை அனுப்பிவிட்டு, ‘சின்னச் சாலைதானே’ என்று சொல்லாதீர்கள். சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு கடுமையானது. வயது வராதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், காப்பாளருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வந்த உங்கள் பிள்ளையை விட, ஊரில் கல்லூரிக்குப் போகவிருக்கும் அத்தை மகனுக்கு அந்தக் கடைசி வரிதான் அதிகம் வலிக்கும்.

உரிமமே வேண்டாத வண்டி ஒன்றும் இல்லையா? இருக்கிறது. மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக, பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மேற்படாமல், தகுந்த பிரேக்கும் ஒளி எதிரொலிக்கும் பட்டைகளும் கொண்டு, அங்கீகாரம் பெற்றிருக்கும் மின்வண்டியை மத்திய மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. பதிவு எண் இல்லை, உரிமம் இல்லை. மிதிக்கும்போது மட்டும் உந்தித் தரும் மின்சைக்கிளும் இதே வரம்புக்குள் வரும். மிதிப்பதை நிறுத்தினாலோ 25 கிலோமீட்டரைத் தொட்டாலோ அதன் மோட்டார் அணைந்துவிட வேண்டும். வயதான அப்பாவுக்குக் கோயிலுக்கும் நூலகத்துக்கும் போய்வர ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டுப் போக நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் வாங்கும்போது கண்ணைத் திறந்து வைத்திருங்கள். ‘லைசென்ஸ் தேவையில்லை’ என்ற பலகையைக் கடைவாசலில் மாட்டிவிட்டு, ‘ஒயரைக் கழற்றிவிட்டால் நாற்பது போகும் சார்’ என்று உள்ளே காதோடு சொல்லும் வியாபாரிகள் இருக்கிறார்கள். ஒயரைக் கழற்றிய கணமே அது பதிவு செய்யாத, காப்பீடு இல்லாத மோட்டார் வாகனம். சாதாரணச் சைக்கிளில் பொருத்த இணையத்தில் விற்கும் பெட்ரோல் என்ஜின்களும் இப்படித்தான். 25 சிசிக்கு மேற்படாத என்ஜின் கொண்ட, நான்கு சக்கரத்துக்குக் குறைந்த வண்டிகள் சட்டத்தின் வரையறைக்கு வெளியே நிற்பது உண்மை. ஆனால் அப்படி விற்பவற்றில் பல 48 சிசியோ அதற்கு மேலோ. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்யவும் முடியாது, செய்யாமல் ஓட்டவும் கூடாது. வெளிநாட்டில் ஓட்டும் மின்சைக்கிளையே கொண்டுவரலாமா என்றும் கேட்கிறார்கள். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். மின்சைக்கிள் பேட்டரிகள் பொதுவாக அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும்.

இனி, வீட்டுப் பின்கட்டில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் தாத்தாவின் வண்டி. அதைத் துடைத்து, பிளக்கைச் சுரண்டி, உதைத்து உயிர்ப்பிப்பது ஒரு சுகம். தெருவில் இறக்கும் முன் ஆர்.சி.யைத் தேடி எடுங்கள். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். தாத்தா காலமாகியிருந்தால், முப்பது நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசின் பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். பல வீடுகளில் இது நடப்பதில்லை. இறந்தவர் பெயரில் இருக்கும், காப்பீடு முடிந்துபோன வண்டியை விடுமுறைக்கு வந்தவர் ஓட்டுவது நம் ஊர்களில் சர்வசாதாரணம். காப்பீடு இல்லாமல் முதல் முறை பிடிபட்டால் 2,000 ரூபாய். அதைக் கட்டிவிடலாம். யார் மீதாவது மோதினால் பொறுப்பேற்க ஒருவருமில்லை என்பதுதான் பயமுறுத்த வேண்டும்.

காப்பீடு இருந்தாலும் எந்த வகை என்று கேளுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால், பின்னால் உட்கார்ந்து வரும் உங்கள் மனைவி அதற்குள் வரமாட்டார். சட்டம் கட்டாயமாக்கும் காப்பீடு பின்னிருக்கைக்காரரைச் சேர்க்காது என்று உச்ச நீதிமன்றம் 2006இலேயே சொல்லிவிட்டது. முழுக் காப்பீடு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பதில் சித்தப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். நீங்கள் வெளிநாட்டில் எடுத்து வந்த பயணக் காப்பீட்டிலும் இருசக்கர வண்டி பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். உரிய உரிமமும் தலைக்கவசமும் இல்லையென்றால் மருத்துவச் செலவைத் தரமாட்டோம் என்று பல நிறுவனங்கள் பொடி எழுத்தில் எழுதியிருக்கும்.

தலைக்கவசம் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஓட்டுகிறவரும் பின்னால் இருப்பவரும், நான்கு வயதுக்கு மேற்பட்ட யாராக இருந்தாலும், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் அணிய வேண்டும். இல்லையென்றால் 1,000 ரூபாய். அதைவிடச் சின்னக் குழந்தை இருந்தால், ஓட்டுகிறவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தைக்கேற்ற தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக் கூடாது. அப்பா, அம்மா, நடுவில் பிள்ளை என்று போகும் காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் சட்டத்தில் அது ‘டிரிபிள்ஸ்’. பின்னால் ஒருவர்தான் என்கிறது 128ஆம் பிரிவு. குழந்தைக்கென்று விலக்கு அதில் இல்லை.

குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அளவுதான் தெரியாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். இங்கிலாந்தில் இது 80. லண்டனில் ‘ஒரு பைண்ட் பரவாயில்லை’ என்று பழகியவர் கிழக்குக் கடற்கரைச் சாலைச் சோதனையில் அந்தக் கணக்கைச் சொல்லித் தப்ப முடியாது. முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ.

வாடகைக்கு எடுப்பவர்கள் நம்பர் பிளேட்டின் நிறத்தைப் பாருங்கள். உரிமம் பெற்ற வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. மின்வண்டியானால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை வண்டியை நாள் வாடகைக்கு விடுகிறவர் தன் சொந்த வண்டியைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கொடுக்கிறார். விபத்தானால் காப்பீடு கைவிரிக்கும். பிணையாக அசல் பாஸ்போர்ட்டைக் கேட்டால் அந்தக் கடையை விட்டு நடந்துவிடுங்கள்.

இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு வழி எளிது. பழைய இந்திய உரிமமே போதும், காலாவதியாகாமல் இருக்கும் வரை. முடியும் தேதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டைத் தாண்டிவிட்டால் மறுபடியும் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் புதிதாகவே எடுத்துவிடலாம். பழகுநர் உரிமமான எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் கழித்துத்தான் தேர்வுக்குப் போக முடியும் என்பதால் மூன்று வார விடுமுறையில் அந்த ஆசை வேண்டாம்.

பழைய வண்டி ஒன்றை வாங்கி, போகும்போது விற்றுவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றாமல் சாவியை மட்டும் கைமாற்றினால், விற்றவரே பொறுப்பாளியாகத் தொடர்வார். பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்த்துச் சொன்ன வழக்கில், வண்டி அடுத்தடுத்துப் பலர் கைக்கு மாறியிருந்தது.

விபத்து நேர்ந்தால் 108ஐ அழையுங்கள். ஓடிப்போகாதீர்கள். அடிபட்டவரை மருத்துவமனைக்கு அனுப்புவதும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்வதும் ஓட்டுநரின் சட்டக் கடமை. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சேர்க்கப்பட்டுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. எந்த ஊர், எந்த நாடு என்ற வேறுபாடும் இல்லை.

திரும்பப் புறப்படும் வாரத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கும். கேமராவில் சிக்கிய அபராதங்கள் கையில் தரப்படுவதில்லை. ஆர்.சி.யில் பதிந்த கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகப் போகும், அதைச் சித்தப்பா திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தின் இ-சலான் பக்கத்தில் வண்டி எண்ணைப் போட்டால் நிலுவை தெரியும். அதைக் கட்டி, ரசீதைச் சித்தப்பாவின் கைபேசிக்கு அனுப்பிவிட்டு, சாவியைப் பழைய ஆணியில் மாட்டிவிட்டு வாருங்கள்.