அசிமோவின் வாழ்க்கையைத் தோட்டத்து மண்டபத்தில் பேசுவது எப்படி?

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசாக் அசிமோவைப் பற்றிப் பேச ஒப்புக்கொள்பவர் முதலில் செய்யும் தவறு, அவருடைய நூல்களை எண்ணத் தொடங்குவதுதான். நானும் அதைச் செய்திருக்கிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில், எழுதியவையும் தொகுத்தவையுமாக ஐந்நூறுக்கும் மேல் என்று ஆரம்பித்து, தலைப்புகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனேன். பத்தாவது நிமிடத்தில், வாழ்நாளெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய ஒரு பெரியவர் கையை உயர்த்தி, “ஏன் தம்பி, இம்புட்டு எழுதுன மனுசன் காலையில எத்தன மணிக்குப் பெரட்டுக்கு நின்னாரு?” என்று கேட்டார். (பெரட்டு என்பது தோட்டத்தில் வேலைக்கு முன் அதிகாலையில் ஆளெண்ண நிற்கும் வரிசை.) மண்டபமே சிரித்தது, என்னிடம் பதில் இல்லை. அடுத்த முறை அந்தக் கேள்வியை வைத்தே உரையைக் கட்டினேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

அந்தக் கேள்விக்கு அசிமோவின் வாழ்க்கையில் நேரான விடை உண்டு. ரஷ்யாவின் பெத்ரோவிச்சி என்னும் சிற்றூரில் பிறந்த அவர், 1923-இல், 3 வயதுக் குழந்தையாகப் பெற்றோருடன் அமெரிக்கா சென்று, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வளர்ந்தார். பிறந்த நாள் உறுதியாகத் தெரியாததால், 1920 ஜனவரி 2-ஐத் தம் பிறந்த நாளாக வைத்துக்கொண்டார். தந்தை நடத்திய மிட்டாய்க்கடை காலை 6 மணிக்குத் திறந்து நள்ளிரவுக்குப் பின்னரே மூடும். பள்ளிக்கு முன்னும் பின்னும் பையன் கடையில் நிற்க வேண்டும். மளிகைக் கடைப் பிள்ளைகளாக வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரியவரான பின்னரும், கடை நேரத்தையே தம் எழுத்து நேரமாக வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

அக்கடையில் தொங்கிய மலிவு விலை அறிவியல் புனைகதை இதழ்களைப் படிக்கத் தந்தை அனுமதிக்கவில்லை. 1929-இல் வந்த ஓர் இதழின் பெயரில் ‘அறிவியல்’ என்ற சொல் இருந்ததைக் காட்டித்தான் சிறுவன் அவரைச் சம்மதிக்க வைத்தான். ஆனால், படித்த இதழ் மறுபடியும் விற்பனைக்குப் போக வேண்டும். எனவே அதில் ஒரு மடிப்பும் விழக்கூடாது. இந்த இடத்தில் ஒரு வார இதழைக் கொண்டுவந்து, முழுதாக விரிக்காமல் பாதி திறந்த நிலையில் வைத்து எப்படிப் படிப்பது என்று செய்து காட்டுங்கள். அரை மணி நேர உரையில் பத்து நிமிடத்தை இந்தக் கடைக்கே கொடுத்தாலும் தகும்.

அடுத்து, 1938 ஜூன் 21. பதினெட்டு வயது அசிமோவ் தம் முதல் கதையைத் தூக்கிக்கொண்டு, ‘அஸ்டவுண்டிங்’ இதழின் ஆசிரியர் ஜான் கேம்பெலை நேரில் பார்க்கச் சென்றார். கேம்பெல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசிக்கொண்டிருந்தார். கதையோ சில நாளில் திரும்பி வந்துவிட்டது. அச்சேறிய முதல் கதையை வாங்கியது வேறோர் இதழ்: 1939 மார்ச் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’. சொல்லுக்கு ஒரு சென்ட் என்ற கணக்கில் கிடைத்த ஊதியம் 64 டாலர். தொகையைச் சொல்லத் தயங்காதீர்கள். எடைக் கணக்கில் கூலி வாங்கிப் பழகியவர்கள், சொற்கணக்கில் கூலி என்றதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆண்டுகளைச் சொல்லும்போது வெள்ளைப் பலகையை நடுவில் கோடிட்டுப் பிரித்து, ஒரு பக்கம் அவர் வாழ்க்கையையும் மறுபக்கம் நம் வட்டாரத்தையும் எழுதினால், தனியே நிற்கும் தேதிகள் நினைவில் ஒட்டும். 1942 மார்ச்: ரோபோக்களுக்கான மூன்று விதிகள் முழுமையாக அமைந்த கதை அங்கே அச்சேறியபோது, இங்கே ஜப்பானியர் ஆட்சி தொடங்கிவிட்டது; தோட்டத்துத் தமிழர்களை, ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. 1948: அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் முனைவர் பட்டம் பெற்ற ஆண்டில், ஜூன் 16 அன்று, சுங்கை சிப்புட் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்கப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசர காலம் பிறந்தது. 1957: ஆகஸ்ட் 31 நமக்கு மெர்டேக்கா (சுதந்திரம்), ஐந்தே வாரம் கழித்து, அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் ஏறியது. அந்தச் செயற்கைக்கோள்தான், பொதுமக்களுக்கு அறிவியலை எளிமையாக எழுதுவதே தம் வேலை என்று அவரைத் திருப்பியது.

மூன்று விதிகளை மனப்பாடமாக ஒப்பிப்பதில் பயனில்லை. மனிதனுக்குத் தீங்கு செய்யாதே, தீங்கு நேரப் பார்த்துக்கொண்டும் இராதே. அதற்கு முரண்படாத வரை மனிதனின் கட்டளைக்குப் பணி. அவ்விரண்டுக்கும் முரண்படாத வரை உன்னைக் காத்துக்கொள். இவற்றின் உயிர் வரிசையில் இருக்கிறது. தோட்டத் துரை ஒன்று சொல்லி, கிராணி (எழுத்தர்) வேறொன்று சொன்னால், கங்காணி (தொழிலாளரை மேற்பார்ப்பவர்) யார் பேச்சைக் கேட்பார் என்பது இங்கே எவருக்கும் தெரிந்த கணக்குதான்.

1942-ஆம் ஆண்டுக் கதையை நடித்தே காட்டலாம். ஒரு மாணவரை ரோபோவாக நிறுத்தி, மேடையின் மறுமூலையில் பால் வாளி ஒன்றை வையுங்கள். கதையில் அது புதன் கோளில் இருக்கும் செலீனியக் குட்டை. அவசரம் என்று சொல்லாமல், போகிற போக்கில் “அதை எடுத்து வா” என்று ஏவுங்கள். வாளியை நெருங்க நெருங்க ஆபத்து கூடுகிறது. கதையின் ரோபோ விலை மிக்கது என்பதால், தன்னைக் காக்கும் மூன்றாம் விதி அதற்குச் சற்றுப் பலமாகவே பதிக்கப்பட்டிருக்கிறது. விலகிப் போனால் கட்டளை இழுக்கிறது. இரண்டும் சமமாகும் தூரத்தில் ரோபோ சுற்றிச் சுற்றி வரும். கடைசியில் நீங்களே ஆபத்தில் சிக்கியவர்போலச் சாயுங்கள். முதல் விதி விழித்து, ரோபோ ஓடி வந்து தாங்கும். (நம்பகமான மாணவராகத் தேர்ந்தெடுப்பது நல்லது.)

வேலை வரலாற்றை வேகமாகக் கடந்துவிடலாம். 1949 முதல் பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் உயிர்வேதியியல் கற்பித்து, 1958-இல் முழுநேர எழுத்துக்கு வந்தார்; அதே ஆண்டு நவம்பரில் தொடங்கிய மாதக் கட்டுரைத் தொடரில் 399 கட்டுரைகள் எழுதினார். 1966-இல் அவருடைய ‘ஃபவுண்டேஷன்’ புனைகதை வரிசைக்கு, எக்காலத்துக்கும் சிறந்த தொடர் என்று, அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது கிடைத்தது. ஐந்நூறு என்ற எண்ணைச் சொல்வதானால், அதில் தொகுப்பு நூல்களும் நிறைய உண்டு என்பதையும், பெரும்பகுதி புனைகதையே அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூடி மறைக்கக் கூடாதவை இரண்டு. அறிவியல் புனைகதை மாநாடுகளில் பெண்களிடம் அத்துமீறி நடந்துகொண்டார் என்பது பலரும் பதிவு செய்த செய்தி. அதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்காமல், குற்றமாகவே சொல்லுங்கள். மற்றொன்று அவருடைய மரணம். 1983-இல் இதய அறுவை சிகிச்சையின்போது ஏற்றிய இரத்தத்தின் வழியே எச்.ஐ.வி. தொற்றியது, 1992 ஏப்ரல் 6 அன்று இறந்தார். காரணத்தை அவருடைய மனைவி ஜேனட் 2002-இல்தான் வெளிப்படுத்தினார். முன்வரிசைப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்களோ என்று அஞ்சி நான் இதைத் தவிர்த்ததுண்டு. பிறகு சொன்னபோது, அவர்கள்தாம் அமைதியாகக் கேட்டார்கள்.

மழைக்காலமானால் ஒலிபெருக்கியை உறுதி செய்துகொள்ளுங்கள், தகரக் கூரையில் மழை பிடித்தால் எந்த உரையும் எடுபடாது. எதிலிருந்து படிக்கத் தொடங்குவது என்று எவரேனும் கேட்டால், ‘ஃபவுண்டேஷனை’ நீட்டாதீர்கள். அதில் தலைமுறைகளும் கோள்களும் மாறிக்கொண்டே இருக்கும். சுஜாதாவின் ரோபோ நாய் ஜீனோவை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, 1950-இல் ‘ஐ, ரோபோ’ என்ற நூலாக வந்த ரோபோ சிறுகதைகளே பொருத்தம். என்னைக் கேள்வி கேட்ட பெரியவரும் அவற்றில் ஒன்றைத்தான் பேரனைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.