மின்னல் வெட்டினால் ஆட்டம் நிற்கும்: காலேஜ் ஃபுட்பால் ரசிகர்கள் செய்யும் தவறுகள்

செப்டம்பர் மாதச் சனிக்கிழமைகளில் அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) பார்ப்பவர்களுக்குப் பழகிப்போன எரிச்சல் ஒன்று உண்டு. ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் திரையில் "வெதர் டிலே" என்று வரும், ஆட்டக்காரர்கள் லாக்கர் ரூமுக்குள் போய்விடுவார்கள், ஒரு மணி நேரமோ மூன்று மணி நேரமோ கழித்து ஆட்டம் தொடரும், இல்லாவிட்டால் தொடராமலே போகும். அதற்குள் ரசிகர்கள் மத்தியில் பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும். எங்களுக்கு வேகம் பிடித்த நேரத்தில் நிறுத்திவிட்டார்கள், வேண்டுமென்றே இழுக்கிறார்கள், ஜெயித்துக்கொண்டிருந்தவனுக்கே வெற்றியைக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று ஆளுக்கொரு நியாயம். இதில் பாதிக்கு மேல் விதியைத் தெரிந்துகொள்ளாமல் போடும் சண்டை.

முதல் தவறு, மின்னலுக்காக நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் 30 நிமிடத்தைச் சாதாரண இடைவேளை என்று நினைப்பது. கடைசியாக மின்னல் வெட்டியதிலிருந்தோ இடி கேட்டதிலிருந்தோ 30 நிமிடம் என்பதுதான் கணக்கு. 27 நிமிடம் அமைதியாகப் போய், ஆட்டக்காரர்கள் ஷூ லேஸ் கட்டிக்கொண்டு சுரங்கப்பாதையில் வந்து நிற்கும்போது ஸ்டேடியத்தைச் சுற்றிக் குறித்துவைத்த தூர எல்லைக்குள் இன்னொரு மின்னல் விழுந்தால், கடிகாரம் மறுபடி 30-இலிருந்து தொடங்கும். இப்படி நாலைந்து முறை நடந்தால் இரண்டரை மணி நேரம் போயே போய்விடும், யாரும் எதையும் இழுக்கவில்லை. திரையில் ஓடும் கவுண்ட்டவுனைப் பார்த்துவிட்டு "இன்னும் மூன்றே நிமிடம்" என்று சீட்டுக்குப் போய் உட்காருகிறவர்கள் எல்லா ஸ்டேடியத்திலும் இருக்கிறார்கள், அவர்களை மறுபடி கீழே இறக்குவதற்குள் ஊழியர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

சரி, மழையே இல்லையே, தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கிறதே, பிறகு ஏன் நிறுத்தினார்கள்? இது அடுத்தது. மின்னலுக்கும் மழைக்கும் அவ்வளவு நெருங்கிய ஒப்பந்தம் எதுவும் கிடையாது. மழை பெய்யும் இடத்திலிருந்து 15 கிலோமீட்டர் தாண்டிக்கூட மின்னல் வந்து விழும், மேகக்கூட்டம் கடந்து போன பிறகும் அதன் பின்பகுதியில் மின்னூட்டம் மிச்சமிருக்கும், அரை மணி நேரக் காத்திருப்புக்கு அதுதான் காரணம். பல ஸ்டேடியங்களில் எட்டு மைல், அதாவது சுமார் 13 கிலோமீட்டர் தூரத்துக்குள் மின்னல் பதிவானால் ஆட்டம் நிற்கிறது. இப்போது கருவிகள் வந்துவிட்டன, முன்பு காதையே நம்பினார்கள்: மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கி, 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று வினாடி ஆகும். இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது, மிச்சிகன் போன்ற இடங்களில் உட்கார்ந்திருப்பது லட்சம் பேர். அத்தனை பேரும் படியிறங்கி உள்ளே போக வேண்டும். மேகம் தலைக்கு மேல் வந்த பிறகு அறிவித்தால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

இனி நியாயத்துக்கு வருவோம், ஏனென்றால் பெரிய தவறுகள் அங்கேதான்.

"இன்னும் நாலு நிமிடம்தானே பாக்கி, மின்னல் எட்டாவது மைலில்தானே, முடித்துவிட்டே போகலாமே" என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த முடிவை யார் எடுப்பது? வானிலையைக் கவனித்து எச்சரிக்கும் ஆளை ஆட்டத்துக்கு முன்பே நியமித்துவிடுவார்கள், பெரும்பாலும் அவர் ஆட்டத்தை நடத்தும் கல்லூரியின் சம்பளத்தில் இருப்பவர். அவருக்கு "பார்த்துச் செய்யுங்கள்" என்று சலுகை கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? சொந்த அணி மூன்று புள்ளி முன்னால் இருக்கும்போது ஆறாவது மைல்கூட தூரமாகத் தெரியும், எதிரணி கோல் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது பதினான்காவது மைலும் பக்கமாகத் தெரியும். அவர் யோக்கியராகவே இருந்தாலும் எதிரணி ரசிகர்கள் நம்பப் போவதில்லை. வளைந்துகொடுக்காத விதியைக் கண்டு எல்லாரும் எரிச்சல்படுகிறார்கள், ஆனால் மின்னல் விஷயத்தில் இருக்கும் ஒரே உருப்படியான நியாயம் அந்த வளையாமைதான் என்பது என் கட்சி. தூரமும் நேரமும் முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதால் ஸ்கோரைப் பார்த்து யாரும் எதையும் மாற்ற முடியாது.

அப்புறம், முன்னால் இருந்தவருக்கே வெற்றி என்ற நினைப்பு. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது இயல்பாக வரும், இத்தனை ஓவர் வீசியாகிவிட்டதா, டக்வொர்த் லூயிஸ் போடு, முடிவு சொல். ஃபுட்பாலில் அப்படி ஒரு சூத்திரமே கிடையாது. பாதியில் நின்ற ஆட்டத்துக்கு, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏவின் விதிகள் நாலு வழி சொல்கின்றன: வேறொரு நாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், அந்த ஸ்கோரையே இறுதி என்று முடிக்கலாம், ஒரு அணி விட்டுக்கொடுத்ததாக அறிவிக்கலாம், அல்லது ஆட்டமே நடக்கவில்லை என்று கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். ஒரே கான்ஃபரன்ஸை, அதாவது கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் ஒரே லீக்கை, சேர்ந்த அணிகள் என்றால் கான்ஃபரன்ஸ் விதிப்படி நடக்கும், வெவ்வேறு கான்ஃபரன்ஸ் என்றால் இரண்டு கல்லூரிகளின் அத்லெட்டிக் டைரக்டர்களும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். நடுவர் நினைத்தால் வெற்றியைத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது.

2011 செப்டம்பர் 3-ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ஆன் ஆர்பரில் மிச்சிகனும் வெஸ்டர்ன் மிச்சிகனும் ஆடினார்கள், மிச்சிகன் 34-10 என்று முன்னால் இருந்தது, மூன்றாம் குவார்ட்டரில் (ஆட்டம் 15 நிமிடக் குவார்ட்டர்கள் நாலு) ஒன்றரை நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில் மின்னலால் நின்றது. இரு தரப்பும் பேசி அத்துடன் முடித்துக்கொண்டார்கள், அது அதிகாரபூர்வமான வெற்றியாகவே பதிவானது. அதே நாள் பக்கத்து மாநிலமான இண்டியானாவில் நோட்ரடாம் கல்லூரியின் ஸ்டேடியத்தைக் காலி செய்தார்கள், அங்கே சவுத் ஃப்ளோரிடா ஹாஃப் டைமில் 16-0 என்று முன்னால். இடைவேளை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்டது, நாலாவது குவார்ட்டரில் இன்னொரு முறை நிறுத்தினார்கள், எல்லாம் முடிய ஆறு மணி நேரத்தை நெருங்கிவிட்டது, 23-20 என்று சவுத் ஃப்ளோரிடா ஜெயித்தது. ஒரு இடத்தில் முழு குவார்ட்டர் ஆடாமலே முடிவு, இன்னொரு இடத்தில் கடைசி நொடி வரை இழுத்து முடிவு. இரண்டுமே சரி என்றுதான் எனக்குப் படுகிறது. 24 புள்ளி பின்னால் இருக்கும் அணி, இருட்டும் வரை காத்திருந்து இன்னும் 16 நிமிடம் அடிவாங்க ஆசைப்படவில்லை என்றால் அதை வற்புறுத்துவதில் என்ன நியாயம்? ஆனால் அதைச் சொல்லும் உரிமை பின்னால் இருப்பவருக்கு மட்டும்தான். முன்னால் இருப்பவர் "போதும், முடிக்கலாம்" என்று கேட்கும்போது சந்தேகப்படுவதே நல்லது.

நேர்மாறான உதாரணம் 2018 டிசம்பர் 26. டல்லாஸில் "ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் பவுல்" என்ற சீசன் முடிவு ஆட்டம், பாஸ்டன் காலேஜும் பாய்ஸி ஸ்டேட்டும். முதல் குவார்ட்டரிலேயே பாஸ்டன் 7-0 முன்னால், மின்னல் விடவில்லை, ஆட்டம் ரத்து, "நோ கான்டெஸ்ட்". சீசன் முழுக்க உழைத்ததற்குப் பரிசாகக் கிடைக்கும் கடைசி ஆட்டம், நாலாம் ஆண்டு மாணவர்களில் பலருக்கு வாழ்க்கையிலேயே கடைசி ஆட்டம், நடக்கவே இல்லை என்று எழுதப்பட்டது. அநியாயம்தான், ஆனால் யாருக்கு எதிரான அநியாயம் என்று கேட்டால் இரண்டு பேருக்கும்.

"டிலே இரண்டு அணிக்கும் ஒன்றுதானே" என்பதை அறிவாளித்தனமாகச் சொல்வார்கள், அது பாதி உண்மைதான். சொந்த அணிக்குப் பெரிய லாக்கர் ரூம், பக்கத்திலேயே சாப்பாடு, தெரிந்த முகங்கள். விருந்தினர் அணியின் லாக்கர் ரூம் பல இடங்களில் சின்னது, அதற்குள் நூறு பேர், வியர்வை நாறும் உடுப்போடு தரையில் உட்கார்ந்திருப்பார்கள், யாரோ வெளியே போய் அடுக்கடுக்காகப் பீட்சா வாங்கிவர வேண்டும். கணுக்காலில் சுற்றிய டேப்பை அவிழ்ப்பதா வேண்டாமா என்பதே ஒரு கேள்வி: அவிழ்த்தால் மறுபடி எல்லாருக்கும் சுற்ற வேண்டும், அவிழ்க்காவிட்டால் கால் மரத்துப்போகும். உடம்பு குளிர்ந்த பிறகு தசை பிடித்துக்கொள்ளும். களைத்துப்போயிருந்த டிஃபென்ஸ் இலவசமாக ஓய்வெடுத்துக்கொள்ளும், அடுத்தடுத்து அடித்து நொறுக்கிக்கொண்டிருந்த அஃபென்ஸ் ஆறிப்போகும். கோச்சுகளுக்கோ இரண்டாவது ஹாஃப் டைம் கிடைத்த மாதிரி. நோட்ரடாம் அந்த 2011 ஆட்டத்தில் நீண்ட இடைவேளைக்குப் பிறகு அஃபென்ஸை நடத்தும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக்கையே மாற்றிக்கொண்டு வந்து நின்றது.

ஆனால் எப்போதும் சொந்த அணிக்குத்தான் ஆதாயம் என்று நினைப்பதும் தப்பு. 2019 செப்டம்பரில் சியாட்டிலில் வாஷிங்டனும் கலிஃபோர்னியாவும் ஆடிய ஆட்டம் முதல் குவார்ட்டரிலேயே நின்று, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கழித்துத் தொடர்ந்தது. பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போய்விட்டது, நள்ளிரவு ஒரு மணி தாண்டி முடிந்தபோது விருந்தினர் அணியான கலிஃபோர்னியா 20-19 என்று ஜெயித்திருந்தது. வாஷிங்டனின் பெரிய பலமே அந்தக் கூட்டத்தின் இரைச்சல்தான், மின்னல் முதலில் விரட்டியது அதைத்தான்.

நம்ம ஊர்க் கால்பந்து ரசிகர்களுக்கு இது 2025-இல்தான் உறைத்தது. கிளப் உலகக் கோப்பையில் சார்லட் நகரில் பென்ஃபிகாவை எதிர்த்து செல்சீ 1-0 என்று முன்னால் இருந்தது, முடிய நாலைந்து நிமிடம்தான், மின்னல் எச்சரிக்கை வந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நிறுத்தினார்கள். திரும்பி வந்ததும் பென்ஃபிகா பெனால்டியில் சமன் செய்தது. கடைசியில் கூடுதல் நேரத்தில் செல்சீ 4-1 என்று ஜெயித்தாலும் அவர்களின் அப்போதைய மேனேஜர் மரெஸ்கா இதெல்லாம் கால்பந்தே இல்லை என்று வெளிப்படையாகவே சலித்துக்கொண்டார். அமெரிக்கக் கல்லூரி கோச்சுகள் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள்.

பணத்தை மறந்துவிட்டு நியாயம் பேசுவதுதான் எனக்கு மிக எரிச்சல் தரும் தவறு. செப்டம்பர் ஆட்டங்களில் பல, பெரிய கல்லூரி சின்னக் கல்லூரியைக் காசு கொடுத்து வரவழைத்து ஆடுபவை. அந்தக் காசில்தான் சின்னக் கல்லூரியின் விளையாட்டுத் துறையே ஓடும். 2014-இல் ஃப்ளோரிடாவுக்கு ஐடஹோ வந்தது, ஒரே ஒரு கிக்-ஆஃப் ரிட்டர்ன் (தொடக்க உதையைப் பிடித்துக்கொண்டு ஓடுவது) நடந்தது, மின்னல், மழை, குளமாகிப்போன மைதானம், அவ்வளவுதான் ஆட்டம். ஃப்ளோரிடா பேசிய தொகையைக் கொடுத்துவிட்டது, 2018-இல் இருவரும் மறுபடி ஆடி ஃப்ளோரிடா 63-10 என்று ஜெயித்தது. 2018 செப்டம்பர் 1 அன்று நெப்ராஸ்காவுக்கு அக்ரான் அணி வந்தபோது நடந்தது இவ்வளவு சுமுகமாக முடியவில்லை. ஸ்காட் ஃப்ராஸ்ட் கோச்சாகப் பொறுப்பேற்ற பிறகு முதல் ஆட்டம், அரங்கு நிறைந்த கூட்டம், ஒரு கிக்-ஆஃப் மட்டும் ஆனது, பிறகு மணிக்கணக்கில் காத்திருந்து கைவிட்டார்கள். மறுநாள் ஆட, வந்த அணிக்கு இரவு தங்க அறை வேண்டும், ஒரு ஃபுட்பால் அணிக்கு அது எத்தனை அறை என்று யோசித்துப் பாருங்கள், அதுவும் ஊரே நிரம்பி வழியும் ஆட்ட நாள் இரவில். அக்ரான் அணி தன் ஊருக்குக் கிளம்பிவிட்டது, பேசிய தொகையைக் கொடுப்பதா வேண்டாமா என்று தகராறு வந்து பிறகு தீர்ந்தது. வேறு எதிராளியைப் பிடித்து சீசனின் ஓட்டையை அடைக்க இரண்டு கல்லூரிகளும் அலைந்தன. அக்ரான் 2025 செப்டம்பரில்தான் மறுபடி அங்கே வந்து ஆடியது, 68-0 என்று தோற்றது. ஒப்பந்தம் போடும்போதே "கிக்-ஆஃப் ஆகி ஆட்டம் நின்றால் யார் என்ன தர வேண்டும், மறுநாள் தங்கும் செலவு யாருடையது" என்று இரண்டு வரி தெளிவாக எழுதினால் இந்த ரகளை வராது. மின்னல் வந்த பிறகு உட்கார்ந்து பேசும் நியாயம் எல்லாம் தன் பக்கம் சாய்ந்த நியாயமாகவே இருக்கும்.

ரசிகராக நேரில் போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில. இரும்பு கேலரியின் அடியில் ஒதுங்காதீர்கள், மழைக்குத்தான் அது மறைவு. பார்க்கிங்கில் ரசிகர்கள் சாப்பிட்டுக் கொண்டாடப் போட்டிருக்கும் டெயில்கேட் கூடாரமும் அப்படியே. உலோகக் கூரையுள்ள கார் நல்ல இடம், கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருங்கள், காப்பாற்றுவது டயரின் ரப்பர் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் மின்சாரத்தைச் சுற்றி வழிநடத்தித் தரைக்கு இறக்குவது காரின் உலோக உடம்பு. மின்னல் தாக்கிய ஒருவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று ஒதுங்கி நிற்பதும் தவறு, அவர் உடம்பில் மின்சாரம் தங்காது, மூச்சு இல்லையென்றால் உடனே சிபிஆர் (நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவி) தொடங்க வேண்டும். அப்புறம் வெளியே காருக்குப் போகுமுன் கேட்டில் இருப்பவரிடம் திரும்ப உள்ளே விடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இடத்துக்கு இடம் விதி வேறு.