முதலில் பல், அப்புறம் முந்திரிக்கொத்து

நாகர்கோவிலில் வண்டியை விட்டு இறங்கிப் பையைத் திண்ணையில் வைப்பதற்குள் மைனி (அண்ணி) ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்து நீட்டிவிடுவார். உள்ளே முந்திரிக்கொத்து. எங்கள் பக்கத்துப் பலகாரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வறுத்த பாசிப்பயற்றுப் பொடியில் தேங்காய், எள், வெல்லப்பாகு சேர்த்து உருண்டை பிடித்து, மாவில் முக்கி எண்ணெயில் பொரித்தெடுப்பது. அன்றைக்குச் சுட்டதென்றால் மெத்தென்று இருக்கும். ஒரு வாரம் போனால் கல். இரண்டு வருடத்துக்கு முன் நான் கடித்தது ஒரு வாரம் போனது. கடைவாயில் ‘டக்’கென்று ஒரு சத்தம். பயற்றில் கிடந்த கல் என்று நினைத்துத் துப்பிப் பார்த்தால், உள்ளங்கையில் என் பல்லின் ஒரு மூலை.

முந்திரிக்கொத்தைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பல் ஏற்கெனவே உள்ளுக்குள் சொத்தையாகிக் குடைந்து போயிருந்தது, மேலே கூரை மட்டும்தான் நின்றது. ஷார்ஜாவில் இருக்கும்போதே இனிப்பு பட்டால் கூசும். ‘லீவுக்குப் போகும்போது ஊரில் பார்த்துக்கொள்ளலாம், செலவும் குறைவு’ என்று தள்ளிப்போட்டேன். ஊருக்குப் போன பிறகும் தள்ளினேன். ஒரு கல்யாணம், ஒரு பால்காய்ப்பு, பத்திர ஆபீசுக்கு இரண்டு நடை. கடைசியில் விமானத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் பல் டாக்டரின் நாற்காலியில் போய்ச் சாய்ந்தேன்.

அடைத்து முடித்ததும் நீலத்தாளைப் பல்லிடுக்கில் வைத்து, “கடிச்சுப் பாருங்க, சரியா இருக்கா?” என்று கேட்டார்கள். ஊசி போட்டு மரத்துப்போன வாய்க்கு மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. சரி என்றேன். மறுநாள் விமானத்தில் சாப்பாடு வந்தபோதுதான் தெரிந்தது, வாயை மூடினால் அந்த ஒரு பல் மட்டும் முதலில் முட்டுகிறது. மூன்று வாரம் ஒரு பக்கமாகவே மென்றேன். பிறகு ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கில் இரண்டு நிமிடம் தேய்த்துவிட்டார்கள், வலி போன இடம் தெரியவில்லை. அதற்குக் கொடுத்த பணம் ஊரில் பல் அடைக்கக் கொடுத்ததைவிட அதிகம்.

அதனால் லீவு முப்பது நாள் என்றால் முதல் வாரத்திலேயே பல்லைக் காட்டிவிடுங்கள்.

ஏன் முதல் வாரம்?

அடைத்த இடத்தின் உயரம் சரிபார்ப்பது ஒரு காரணம்தான். அடைத்த பல்லில் குளிர்ச்சிக்கும் கடிக்கும் சில நாள், சிலருக்கு இரண்டு வாரம்கூட, கூச்சம் இருக்கும். அது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரவேண்டும். கூடினால் மறுபடி காட்டவேண்டும். அதற்கு நீங்கள் ஊரில் இருக்கவேண்டும்.

இரண்டாவது, அடைக்கப் போகிறோம் என்று நினைத்துப் போவோம், அது ரூட் கேனலில், அதாவது பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பதில், போய் முடியும். சொத்தை எவ்வளவு ஆழம் என்பது எக்ஸ்ரே எடுத்தால்தான் ஓரளவு தெரியும், குடைந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். ரூட் கேனலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை போகவேண்டி வரலாம். அது முடிந்த கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போடச் சொல்வார்கள். அதற்கு அச்செடுத்து லேபுக்கு அனுப்பி வாங்கிப் பொருத்த ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். கூட்டிப் பார்த்தால் இரண்டு வாரம் சாதாரணமாகப் போய்விடும்.

மூன்றாவது விமானம். உள்ளே காற்றழுத்தம் நம் வீட்டு முற்றத்தில் இருப்பதுபோல இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயரத்தில், அதாவது ஏறக்குறைய ஊட்டியில் நிற்பது மாதிரி வைத்திருப்பார்கள். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும். அடைத்த இடத்துக்கு அடியில் காற்று சிக்கியிருந்தாலோ, பல்லின் நரம்பு வீங்கியிருந்தாலோ, மேலே போகும்போது வலி பிடுங்கும். தரை இறங்கினால் குறைந்துவிடும், ஆனால் அந்த நாலு மணி நேரத்தைச் சொல்லி மாளாது.

வலியே பாதி சொல்லிவிடும்

ஐஸ் தண்ணீரோ இனிப்போ பட்டவுடன் சுள்ளென்று கூசி, அதை எடுத்ததும் சில நொடிகளில் நின்றுவிட்டால், பெரும்பாலும் அடைப்பதோடு முடியும். பட்டது போன பிறகும் நின்று வலித்தால், ஒன்றும் படாமலே வலித்தால், ராத்திரி படுத்ததும் கூடினால், சூடான சாயா குடித்து வலி ஏறினால், நரம்பு வரை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே ஃபில்லிங் மட்டும் போதாது. முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், கல்யாண வீடெல்லாம் அப்புறம்.

இடையில் வீட்டு வைத்தியம் வரும். பஞ்சில் கிராம்பு எண்ணெய் தொட்டு வைத்தால் கொஞ்ச நேரம் ஆறுதல் கிடைக்கும், தப்பில்லை. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்து அடக்கிக்கொள்வது மட்டும் வேண்டாம், அது ஈறைப் பொசுக்கிவிடும். மருந்துக் கடையில் நீங்களே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவதிலும் பயனில்லை, மாத்திரை சொத்தையை மூடாது. “பேசாம பிடுங்கிப் போடு” என்று ஒரு பெரியப்பா கட்டாயம் சொல்வார். காப்பாற்ற முடிகிற பல்லைப் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் நீளும், அப்புறம் அந்த இடத்தை நிரப்ப ஃபில்லிங்கைப்போலப் பல மடங்கு செலவாகும்.

எதை வைத்து அடைக்கிறார்கள்?

இப்போது பெரும்பாலும் காம்போசிட், பல் நிறத்திலேயே இருக்கும் பிசின். சின்னப் பிள்ளைகளின் பால் பல்லுக்கும், ஈறோரம் தேய்ந்த இடத்துக்கும் கிளாஸ் அயனோமர் வைப்பதுண்டு. காம்போசிட் அளவுக்குப் பலமில்லை, ஆனால் பல்லுக்கு நல்லதான ஃப்ளூரைடு அதிலிருந்து கசியும். கிராம்பு வாசனை அடிக்கிற வெள்ளைச் சாந்து வைத்தார்கள் என்றால் அது தற்காலிகம். அதோடு விமானம் ஏறிவிட்டு ‘பல் அடைத்தாகிவிட்டது’ என்று ஆறு மாதம் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்பா அம்மா வாயில் கறுத்துப்போன வெள்ளி ஃபில்லிங் இருக்கும். அது அமால்கம், அதில் ஏறக்குறையப் பாதி பாதரசம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி 1 முதல் மிகச் சில விலக்குகள் தவிர அதைப் புதிதாக வைப்பதை நிறுத்திவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு ஊருக்கு வந்ததும் பெற்றோர் பல்லில் இருப்பதையெல்லாம் தோண்டி எடுக்கச் சொல்லாதீர்கள். விரிசல் இல்லாமல், ஓரத்தில் சொத்தை இல்லாமல் உறுதியாக இருப்பதை விட்டுவிடுவதே நல்லது. தோண்டும்போது நல்ல பல்லும் கொஞ்சம் போகும், பாதரச ஆவியும் கிளம்பும்.

போன லீவில் இன்னொரு பல்லுக்குப் போனேன், இம்முறை ஐந்தாம் நாள். டாக்டர் ஒரு இளம்பெண். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் கேட்டது, “ஃப்ளைட் எப்போ அண்ணா?” எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்து, கம்ப்யூட்டர் திரையில் பல்லுக்குள் கறுப்பாக இருந்த இடத்தைக் காட்டினார். ஊசி, குடைதல் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அதற்கப்புறம் நடப்பதில்தான் காம்போசிட்டின் ஆயுள் இருக்கிறது. எச்சில் படாமல் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு, இல்லையென்றால் பஞ்சு. நீல நிறத்தில் அமிலக் களிம்பு தடவிச் சில நொடிகளில் கழுவி உலர்த்துவார்கள். மேலே ஒட்டு மருந்து. பிறகு பிசினை ஒரேயடியாகத் திணிக்காமல் 2 மில்லிமீட்டர் அளவுக்கு அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நீல விளக்கைக் காட்டி இறுக்குவார்கள். நடுவில் எச்சில் பட்டால் ஒட்டு சரியாகப் பிடிக்காது. அதனால் இருபது நாற்காலி நிரம்பி வழிகிற சாயங்காலத்தைவிடக் காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது என்பது என் கட்சி. முக்கால் மணி நேரம் ஆனது. எக்ஸ்ரேயோடு 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. “ரெண்டு நாள் கழிச்சு வந்து கடியைக் காட்டிட்டுப் போங்க” என்றார். போனேன், ஒரு இடத்தில் லேசாகத் தேய்த்தார்.

காம்போசிட் விளக்கு காட்டியதுமே இறுகிவிடும், ஆனால் உதடு மரத்திருக்கும் இரண்டு மூன்று மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் இருங்கள். கன்னத்தைக் கடித்தாலும் தெரியாது, சாயா சுட்டாலும் தெரியாது. அதற்கப்புறம் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் தாராளமாக.

எங்கே போவது?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று எந்த ஊர் ஜங்ஷனில் நின்றாலும் கண்ணுக்கு ஒரு பல் ஆஸ்பத்திரி போர்டு தட்டுப்படும். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. குலசேகரத்தில் தனியார் பல் மருத்துவக் கல்லூரி உண்டு. கல்லூரிகளில் பொதுவாகச் செலவு குறைவு, ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள், நேரம் கூட ஆகும். லீவு குறைவாக இருப்பவர்களுக்கு அது ஒத்துவராது, பெற்றோருக்கு ஒத்துவரலாம்.

1956 நவம்பர் 1இல் நம்ம குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும், பெரிய வைத்தியம் என்றால் திருவனந்தபுரம் என்கிற பழக்கம் கல்குளம், விளவங்கோடு பக்கம் இன்னும் போகவில்லை. பல் அடைக்க அது வேண்டாம். இரண்டாம் தடவை போகவேண்டி வந்தால் எல்லையில் களியக்காவிளை நெரிசலில் பாதி நாள் போய்விடும். வீட்டுக்குப் பக்கத்தில் பாருங்கள். பல் டாக்டர் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருக்கவேண்டும் என்பது சட்டம். பதிவு எண்ணைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ரூட் கேனல் என்றால் அந்தப் பிரிவில் எம்.டி.எஸ். என்கிற மேல்படிப்பு படித்தவர் வருகிற நாளைக் கேளுங்கள், சின்ன கிளினிக்குகளுக்கு அவர்கள் வாரத்தில் சில நாள்தான் வருவார்கள்.

தேதி குறிக்கும்போது நம்ம மாவட்டத்துக்கே உரிய விடுமுறைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர், மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை விழா. உள்ளூர் விடுமுறை விடுவார்கள், ரோட்டில் வண்டி நகராது. கிறிஸ்துமஸ் வாரத்தில் எங்களைப்போல லீவுக்கு வந்தவர்களெல்லாம் அதே நாற்காலிக்கு நிற்பார்கள். வெளிநாட்டிலிருந்தே போன் செய்து நேரம் வாங்கிவிடுங்கள்.

சர்க்கரை, இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, இதய வால்வு ஆபரேஷன், மருந்து ஒவ்வாமை எது இருந்தாலும் முதலிலேயே சொல்லவேண்டும். உறையாமைக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

உங்களைக் காட்டும்போது வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப்போங்கள். உமிக்கரி வைத்துப் பல் தேய்த்து, ஈர்க்கிலைக் கிழித்து நாக்கு வழித்த தலைமுறை அது. ஈர்க்கில் பாவம், ஒன்றும் செய்யவில்லை. உமிக்கரிதான் ஈறோரத்தில் பல்லை அரிவாளால் கொத்தியதுபோல் தேய்த்து வைத்திருக்கும். என் அம்மாவுக்கு நாலு பல்லில் அப்படி இருந்தது. குளிர்ந்த தண்ணீர் குடிக்காததற்கு இத்தனை வருடமும் சளியைத்தான் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். நாலையும் ஒரே உட்காரலில், ஊசிகூட இல்லாமல் அடைத்துவிட்டார்கள்.

கிளம்புவதற்குமுன் எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பல், எந்தப் பொருள், என்ன நிறம் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பல் எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. நம்ம ஊரில் 36 என்று எழுதும் இடது கீழ்க் கடைவாய்ப் பல்லை அமெரிக்காவில் 19 என்பார்கள். அதனால் எண்ணோடு ‘இடது கீழ், முதல் பெரிய கடைவாய்ப் பல்’ என்று எழுத்திலும் இருக்கட்டும்.

விமானத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கொஞ்சம் நேந்திரங்காய் சிப்ஸ் எடுத்து, அடைத்த பக்கம் வைத்துக் கடித்துப் பாருங்கள். அப்புறம் ஒரு அவித்த பனங்கிழங்கு, அதன் நார் எந்த இடுக்கில் மாட்டுகிறது என்று பார்க்க. ஏதாவது முட்டினாலோ மாட்டினாலோ, டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு சாயங்காலம் கையில் இருக்கிறது.