தொப்பியை விடுங்கள், வாசலைப் பாருங்கள்: சாகசப் படங்களை அலசும்போது செய்யும் தவறுகள்

சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில் மாதம் ஒருமுறை ஆறேழு பேர் கூடிப் படம் பார்ப்போம். முடிந்ததும் கோப்பி, கறிபஃப், அப்புறம் வாக்குவாதம். கூட்டத்தில் இரண்டு பேர் தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகள். படத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டு வந்து காட்டுவார்கள். சாகசப் படத்தின் ஸ்டேஜிங்கைப் பற்றி எழுதும்போது எல்லாரும் ஒரே இடங்களில்தான் வழுக்கி விழுகிறோம். பாதித் தவறுகளை நானே செய்து பழகியவன்.

ஸ்டேஜிங் என்பது பெரிய வித்தை இல்லை. யார் எங்கே நிற்கிறார், யார் நகர்கிறார், யாரை எப்போது நமக்குக் காட்டுகிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்ற ஏற்பாடுதான். லிஃப்ட்டுக்குள் பொத்தான் பக்கத்தில் நிற்பவர் அரை நிமிடத்துக்கு அதிகாரி ஆகிவிடுகிறார் அல்லவா, அதேதான்.

முதல் வழுக்கல், கையில் ஓர் அகராதியை வைத்துக்கொண்டு படம் பார்ப்பது. கீழிருந்து எடுத்தால் அதிகாரம், மேலிருந்து எடுத்தால் பலவீனம், நிழல் என்றால் தீமை என்று மனப்பாடம் செய்த பட்டியல் அது. 1941இல் வந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தில் தேர்தலில் தோற்றுப்போன கதாநாயகன் கேனைத்தான் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் தரையோடு தரையாக, கீழிருந்து காட்டுகிறார். தோற்றவன் மலைபோல நிற்கிறான். அகராதி அங்கேயே கிழிந்துவிடும்.

சாகசப் படத்திலேயே உதாரணம் உண்டு. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 1981இல் வந்த ‘ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்’. நேபாளத்து மதுக்கடையில் மேரியன் தனியாக இருக்கும்போது, தொப்பி வைத்த ஒரு பெரிய நிழல் சுவரில் விழுகிறது. “வில்லன் வர்றான்னு அர்த்தம், அண்ணே” என்றான் ஒரு தம்பி. வருவது கதாநாயகன் இண்டியானா ஜோன்ஸ். அந்த நிழலுக்கும் அவனுக்கும் உள்ள அளவு வித்தியாசத்தைப் பாருங்கள். பழைய காதலன் மேரியனின் நினைவில் எவ்வளவு பெரிதாக இருக்கிறான் என்பது சுவரில் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் அவள் சிரித்தபடி திரும்பி அவன் தாடையில் ஒரு குத்து விடுகிறாள். பெரிய நிழல், சாதாரண ஆள், ஒரு குத்து. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இருவரின் குணமும் தெரியும்.

தமிழ் ரசிகர்களான நமக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. முகத்தை மறைத்து மறைத்து ஒருவனைக் காட்டினால் உடனே ‘மாஸ் என்ட்ரி’ என்று எழுதிவிடுவோம். எம்ஜிஆர் காலத்திலிருந்து பழகிய கண், என்ன செய்வது! இதே படத்தின் தொடக்கத்திலும் காட்டுக்குள் ஜோன்ஸின் முதுகும் தொப்பியும்தான் தெரிகின்றன. கூட வந்தவன் பின்னாலிருந்து துப்பாக்கியை எடுக்க, சாட்டை பாய்கிறது, நிழலிலிருந்து முகம் வெளிச்சத்துக்கு வருகிறது. சரி, விசில் அடிக்கலாம். ஆனால் கட்டுரையை அங்கேயே முடித்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே ஆள் எதிரியின் காலடியில் கிடந்து, பாடுபட்டு எடுத்த தங்கச் சிலையைக் கொடுத்துவிட்டு, உயிர்தப்ப ஓடுகிறான். கடைசியில் குட்டி விமானத்தில் ஒரு பாம்பைப் பார்த்து அலறுகிறான். நிமிர்ந்து நின்றவனைப் படிப்படியாகச் சுருக்கிக்கொண்டே போவதுதான் அந்தத் தொடக்கத்தின் ஸ்டேஜிங். ஒரு ஸ்க்ரீன்ஷாட்டை ஒட்டி அதற்குக் கீழே விளக்கம் எழுதுபவர்களுக்கு இது அகப்படவே அகப்படாது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அடுத்தது. தொப்பி, சாட்டை, வரைபடம், பழைய கோயில், ஆகவே சாகசப் படம் என்று எழுதுவார்கள். பொருட்களின் பட்டியல் வகைமை (ஜானர்) ஆகாது. அதே கோயிலில் பேய்ப் படம் எடுக்கலாம், நகைச்சுவையும் எடுக்கலாம். ‘ரெய்டர்ஸ்’ தொடக்கத்தில் வரும் கோயிலுக்குள் ஜோன்ஸ் போகும் வழியை ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள். முதலில் கை பட்டால் ஈட்டிகள் பாயும் ஒளிக்கற்றை. பிறகு சாட்டையைப் பிடித்துத் தாண்டும் பள்ளம். அப்புறம் மிதித்தால் அம்பு பறக்கும் தரை. அதற்கப்பால் சிலை. போகும்போது ஒவ்வோர் இடத்தையும் நிதானமாக நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சிலையை எடுத்ததும் அதே இடங்கள் தலைகீழ் வரிசையில், ஓட்டத்தில் வருகின்றன: அம்புகள், பள்ளம், ஈட்டிகள். உருண்டு வரும் பாறாங்கல் புதுசு. வழி நமக்குத் தெரிந்திருப்பதால்தான் “ஐயோ, இன்னும் பள்ளம் இருக்கே” என்று நாற்காலி நுனிக்கு வருகிறோம். பேய்ப் படம் பெரும்பாலும் வாசல் எந்தப் பக்கம் என்பதையே மறைக்கும். சாகசப் படம் வாசலை முதலில் காட்டிவிட்டு, பிறகு நம் கண்ணெதிரே மூடும். வகைமை எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் இந்த வழியைத்தான் காட்டுவேன்.

இயக்குநர் மனத்துக்குள் புகுந்து எழுதுவதும் வம்பு. அதே படத்தில் கெய்ரோ சந்தையில் வாள் சுழற்றுபவனை ஜோன்ஸ் அலட்டாமல் சுட்டுவிடும் காட்சியைப் பற்றி இரண்டு பக்கத் தத்துவம் படித்திருக்கிறேன். அங்கே நீண்ட சண்டை எடுப்பதாகத்தான் திட்டம். துனீசியாவில் படப்பிடிப்பின்போது ஜோன்ஸாக நடித்த ஹாரிசன் ஃபோர்டுக்கு வயிறு சரியில்லாமல் போக, சண்டை ஒரு குண்டாகச் சுருங்கியது. திரையில் இருப்பதை வைத்து எழுதுங்கள். பெரிய சண்டை நடக்கப்போகிறது என்பதுபோலக் கூட்டம் விலகி வட்டம் விடுகிறது, அதனால்தான் அந்த ஒற்றைக் குண்டுக்குச் சிரிப்பு வருகிறது. இதைச் சொல்ல யார் மனத்துக்குள்ளும் போக வேண்டாம்.

நாயகன் எப்போதும் நடுவில்தான் என்ற எண்ணமும் தப்பு. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா முதன்முதலாக அகலத்திரையில் எடுத்த 1958ஆம் ஆண்டுப் படமான ‘த ஹிடன் ஃபோர்ட்ரெஸ்’, சண்டை போட்டுக்கொண்டே நடக்கும் இரண்டு குடியானவர்களின் முதுகோடு தொடங்குகிறது. இளவரசி, தளபதி எல்லாம் பிறகுதான்.

கடைசியாக, எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியில் பார்த்துவிட்டு எழுதுவது. அந்தத் தம்பி ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வை அப்படிப் பார்த்துவிட்டு வந்து, கிணற்றடிக் காட்சியில் ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை என்றான். 1962இல் வந்த, 70 மில்லிமீட்டர் அகல ஃபிலிமில் பெரிய திரையில் காட்டுவதற்காக எடுத்த படம். தொலைக்காட்சியில் அந்த இடத்தை மட்டும் மறுபடி போட்டேன். கிணற்றடியில் லாரன்ஸ், அவரது வழிகாட்டி, சுற்றிலும் மணல். அடிவானத்தில் கானல் நடுங்குகிறது. “தே, யாரோ வர்றாங்க பாரு” என்று பக்கத்து புளோக் அக்கா திரையைத் தொட்டே காட்டினார். கடுகளவு கறுப்புப் புள்ளி. அது அவசரமே இல்லாமல் ஒட்டகமாகி, கறுப்பு உடையில் ஓர் ஆளாகிறது. ஒளிய ஓரிடமில்லை, வருவது நண்பனா எதிரியா என்று தெரிய வழியுமில்லை. வருகிறவன் வாயைத் திறக்கும் முன்பே அந்த இடம் அவனுடையது என்று புரிந்துவிடுகிறது. வழிகாட்டி ஓடிப்போய்க் கைத்துப்பாக்கியை எடுக்க, ஒரே வெடி. தம்பி கறிபஃப்பைக் கீழே வைத்துவிட்டு, “அந்தப் புள்ளி எங்கிருந்து ஆரம்பிச்சது? பின்னால போங்கண்ணே” என்றான்.