ஊர் வீட்டில் திடீரென வெளிச்சம் நின்றுபோனால்

இலங்கையில் உள்ள வீட்டுக்கு விடுமுறையில் போய்த் தங்குபவர்கள், போய்ச் சேர்ந்த அன்றே, பகல் வெளிச்சம் இருக்கும்போதே, மீற்றரும் ட்ரிப் சுவிட்ச் உள்ள பெட்டியும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த வீடானால், பெட்டிக்கு முன்னால் யாரோ ஓர் அலுமாரியை நகர்த்தி வைத்திருக்கவும் கூடும். அதை இரவு எட்டு மணிக்கு, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் கண்டுபிடிக்க வேண்டிய நிலை வரக்கூடாது.

லைட் நின்றதும் எதையும் தொடுவதற்கு முன்னர், இருட்டு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். வாசலுக்கு வந்து அயல் வீடுகளைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஒழுங்கை முழுவதும் இருண்டிருந்தால் பழுது உங்கள் வீட்டில் இல்லை. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடு முழுவதும் இருண்டதாக அப்போது மின்சக்தி அமைச்சரே சொன்னார். இத்தகைய வேளைகளில் செய்யக்கூடியது 1987 என்ற மின்சார சபை இலக்கத்துக்கு அழைத்து, மின்கட்டணச் சீட்டில் உள்ள கணக்கு இலக்கத்தைச் சொல்லி முறையிடுவதுதான். ஆகவே அந்தச் சீட்டு ஒன்றைப் படம் எடுத்துக் கைத்தொலைபேசியில் வைத்திருங்கள். காத்திருக்கும் நேரத்தில் குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார், தொலைக்காட்சி ஆகியவற்றின் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மின்சாரம் திரும்பிச் சில நிமிடங்கள் நிலையாக நின்ற பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். கூரையில் சூரியத் தகடு இருந்தும் வீடு இருண்டுவிட்டதே என்று பலர் கோபப்படுகிறார்கள். பற்றரி இல்லாமல் சபையின் மின்கம்பியோடு இணைந்து இயங்கும் அமைப்பு, கம்பியில் வேலை செய்பவருக்கு மின்சாரம் தாக்காதிருப்பதற்காகவே தானாக நின்றுவிடுகிறது, அது பழுதல்ல.

உங்கள் வீடு மட்டும் இருண்டிருந்தால் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதில் இரண்டு வகைச் சுவிட்சுகள் இருக்கும். சற்று அகலமானதும், சோதிப்பதற்கென ஒரு சிறு பொத்தான் உள்ளதும் ட்ரிப் சுவிட்ச். மின்சாரம் எங்கேனும் நிலத்துக்குக் கசிந்தால், பொதுவாக 30 மில்லி அம்பியர் அளவிலேயே, அது விழுந்துவிடும். அதற்குப் பக்கத்தில் வரிசையாக உள்ள ஒல்லியானவை பிரேக்கர்கள். மின்குமிழ்களுக்குரியவற்றில் பெரும்பாலும் 6 அல்லது 10 என்றும், சொக்கற்றுகளுக்குரியவற்றில் அதைவிடக் கூடிய எண்ணும் எழுதியிருக்கும். சுமை கூடினாலோ கம்பிகள் ஒன்றோடொன்று முட்டினாலோ இவை விழும். எது விழுந்தது என்று அறிந்தால், எதைத் தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தால் முதலில் பிரேக்கர்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, அதை மாத்திரம் தூக்குங்கள். நின்றால், பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வாருங்கள். எதைத் தூக்கும்போது ட்ரிப் மறுபடி விழுகிறதோ, கசிவு அந்த வழியில் இருக்கிறது. அதை இறக்கி வைத்துவிட்டு மற்ற அறைகளின் வெளிச்சத்தோடு அன்றைய இரவைக் கழிக்கலாம். பிரேக்கர்கள் அனைத்தும் இறங்கியிருந்தும் ட்ரிப் நிற்க மறுத்தால் பலர் சுவிட்ச் பழுது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது அவசரம். சாதாரண பிரேக்கர் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும்; மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி, நிலத்துக்குப் போகும் எர்த் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால், பிரேக்கர் இறங்கியிருந்தாலும் கசிவு தொடரும். சுவரிலுள்ள சொக்கற் சுவிட்சை அணைப்பதும் பல இடங்களில் இப்படித்தான். எனவே அணைத்தால் போதாது, வீட்டிலுள்ள பிளக்குகள் எல்லாவற்றையும் கையால் பிடுங்கி எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மின்வேலை தெரிந்தவரை அழைக்க வேண்டியதுதான். ட்ரிப்பைத் தவிர்த்து வயரை நேரே இணைத்துத் தருகிறேன் என்று யாராவது உதவிக்கு வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பொருட்களையும் சந்தேகிக்க வேண்டும். இங்கே மின்னழுத்தம் 230 வோல்ற். பிரித்தானியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருபவர்களுக்கு இதில் சிக்கல் குறைவு. கனடாவிலிருந்து வருபவர்கள் 120 வோல்ற்றுக்குப் பழகியவர்கள். அங்கே வாங்கிய 1500 வாற் தலைமயிர் உலர்த்தியை, முனையின் வடிவத்தை மட்டும் மாற்றும் அடப்ரரில் மாட்டி இங்கே போட்டால், அது ஐயாயிரம் வாற்றுக்கும் மேலாக இழுத்து, புகைவிட்டு, பிரேக்கரையும் சாய்த்துவிடும். பொருளின் பின்புறத்தில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் அச்சமின்றிப் பயன்படுத்தலாம். கைத்தொலைபேசி, மடிக்கணினி சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. அங்கிருந்து மின்குமிழ் வாங்கி வருவதில் பயனே இல்லை.

மாரி காலத்தில், அதாவது ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை போகிறவர்கள், மழைக்குப் பின் ட்ரிப் விழுந்தால் முதலில் வீட்டுக்கு வெளியே தேட வேண்டும். கேற்றடி விளக்கு, கிணற்றடி மோட்டார், மதிலோரச் சொக்கற் ஆகியவற்றில் ஒன்றுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். ஆளில்லாதிருந்த வீடுகளில் எலி கடித்த வயரும், சுவிட்சுக்குள் குடியேறிய எறும்பும், ஒட்டிச் செத்த பல்லியும் அதே வேலையைச் செய்யும். சுவிட்ச் மூடியைக் கழற்றிப் பார்க்கும் ஆவல் வந்தால் வீட்டு மின்சாரம் முழுவதையும் நிறுத்தும் முதன்மைச் சுவிட்சை இறக்கிய பின்னரே கழற்றுங்கள்.

ஓர் அறிகுறியை மட்டும் சிறிதும் அலட்சியப்படுத்தக்கூடாது. சில மின்குமிழ்கள் மங்கி, வேறு சில வழக்கத்துக்கு மீறிப் பிரகாசித்தால், மூன்று இணைப்பு உள்ள (த்ரீ பேஸ், அதாவது மின்சாரம் மூன்று கம்பிகளில் வரும்) வீட்டில் நியூட்ரல் கழன்றிருக்கக்கூடும். அப்போது வீட்டின் ஒரு பகுதிக்கு 230 வோல்ற்றைவிட மிகக் கூடுதலாக ஏறிப் பொருட்கள் எரிந்துபோகும். முதன்மைச் சுவிட்சை உடனே இறக்கிவிட்டு 1987க்கு அழையுங்கள். வீட்டின் ஒரு பகுதி மட்டும் முற்றாக இருண்டு, பிரேக்கர் எதுவும் விழாமலிருந்தால், மூன்றில் ஓர் இணைப்பு வராமல் நின்றிருக்கலாம். அதையும் சபைக்கே தெரிவிக்க வேண்டும்.

பெட்டியில் எல்லாம் சரியாக இருந்தும் மின்சாரம் இல்லையென்றால் மீற்றரின் எண் திரையைப் பாருங்கள். அதுவும் அணைந்திருந்தால் வரும் கம்பியில் குறை இருக்கலாம், அல்லது பராமரிப்பவர் பல மாதங்களாகப் பணம் கட்டாததால் இணைப்பைத் துண்டித்திருக்கலாம். பழைய சீட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். மீற்றரிலும் அதை ஒட்டிய பெட்டியிலும் உள்ள முத்திரையை மட்டும் எக்காரணத்துக்காகவும் உடைக்காதீர்கள், அது சபைக்குரியது. நீங்கள் திரும்பிப் போன பின்பு, முத்திரையை உடைத்ததற்காக வரும் வழக்கை எதிர்கொள்ளப்போகிறவர் வீட்டில் இருக்கும் உறவினர்.

ஜெனரேற்றரைச் சொக்கற் வழியாக வீட்டுக்குள் செலுத்தும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. சபையின் கம்பியைத் துண்டித்துவிட்டு ஜெனரேற்றரை இணைக்கும் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் அப்படிச் செய்தால், வெளியே கம்பத்தில் ஏறி நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. வேலைக்கு ஆளை அழைக்கும்போது, எந்தச் சுவிட்ச் விழுந்தது, எந்தப் பிரேக்கரைத் தூக்கும்போது விழுந்தது, மழை பெய்ததா, புதிதாக எதை மாட்டினீர்கள் ஆகிய நான்கையும் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். அவர் தேவையான சாமான்களோடு வருவார்.