அடையாள அட்டைப் படத்தைக் கொமியூனிகேஷன் கடைக்கு அனுப்பும் முன்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று இலங்கை மலையகத்தின் எந்த நகரத்துக்குப் போனாலும் வெளிநாட்டு வேலை விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) படிவம் எல்லாவற்றுக்கும் நாம் நாடுவது, போட்டோ கொப்பியும் அச்சும் எடுத்துத் தரும் கொமியூனிகேஷன் கடையைத்தான். ஹேக்கர்களுக்குப் பயப்படுவது பிறகு இருக்கட்டும். நாமே கையால் கொடுத்துவிட்டு வருவதை முதலில் கவனிப்போம்.

படி 1: அட்டையின் இலக்கத்தைப் படித்துப் பாருங்கள்

பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும்; பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 1990 பெப்ரவரி 10இல் பிறந்த ஆணின் இலக்கம் 90041 என்று தொடங்கும், பெண்ணின் இலக்கம் 90541 என்று தொடங்கும். புதிய 12 எண் அட்டையில் ஆண்டு முழுதாக வருகிறது, நாளைக் காட்டும் முறை அதேதான்.

ஆக, இலக்கம் தெரிந்தவருக்கு உங்கள் பிறந்த நாளும் தெரியும். வங்கி அட்டையின் இரகசிய எண்ணோ கைபேசிப் பூட்டோ பிறந்த ஆண்டாக இருந்தால் இன்றே மாற்றுங்கள். பிள்ளையின் பிறந்த ஆண்டும் வேண்டாம். அது பேஸ்புக்கில் கேக் படத்தோடு கிடக்கிறது.

படி 2: பிரதியில் எழுதுங்கள்

போட்டோ கொப்பியின் குறுக்கே, எதற்காக, யாருக்கு, என்ன திகதி என்று பேனாவால் எழுதுங்கள். முகமும் இலக்கமும் மறையக் கூடாது. வேலை முகவருக்குக் கொடுத்த பிரதியை வேறொருவர் வேறொன்றுக்குப் பயன்படுத்துவது அப்போது கடினமாகும்.

படி 3: கடையை விட்டு வெளியேறும் முன்

அச்சிடுவதற்காக வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினீர்களா? உங்கள் பக்கத்தில் ‘எல்லோருக்கும் நீக்கு’ என்பதை அழுத்தினால் மட்டும் போதாது. கடைக் கணினியில் ஏற்கெனவே இறங்கிய கோப்பு அங்கேயே இருக்கும். அதையும் குப்பைத் தொட்டிக் கோப்புறையையும் உங்கள் கண்முன் அழிக்கச் சொல்லுங்கள். “என்ன தம்பி, அழித்துவிடுங்களேன்” என்று கேட்பதில் கூச்சம் எதற்கு?

உங்கள் வாட்ஸ்அப்பையே அந்தக் கணினியில் திறந்திருந்தால், கைபேசியில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதிக்குப் போய் அதை வெளியேற்றுங்கள். மறந்தால் உங்கள் உரையாடல்கள் அங்கே தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்.

படி 4: வாட்ஸ்அப்பைப் பூட்டுங்கள்

அமைப்புகளில் ‘கணக்கு’, அதற்குள் ‘இரு படி சரிபார்ப்பு’. ஆறு எண்களில் ஓர் இரகசிய எண்ணை வையுங்கள், மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு, வாட்ஸ்அப்பைப் பதிவு செய்யும்போது வரும் எஸ்.எம்.எஸ். குறியீடு மட்டும் கிடைத்தவரால் உங்கள் கணக்கைத் திறக்க முடியாது.

அந்தக் குறியீட்டைக் கேட்டு அழைப்பு வரும். பரிசு என்பார்கள், வங்கி என்பார்கள். சில வேளை, ஏற்கெனவே கணக்கை இழந்த உறவினரின் பெயரிலேயே செய்தி வரும். யாருக்கும் சொல்ல வேண்டாம். தோட்டத்து வீடுகளில் ஒரே கைபேசியைப் பாட்டி முதல் பேரன் வரை எடுப்பதால், இதை எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

கணக்கு போய்விட்டால்

உங்கள் சிம்மில் வாட்ஸ்அப்பை மீண்டும் பதிவு செய்யுங்கள். குறியீட்டை இட்டவுடன் மற்றவர் வெளியேற்றப்படுவார். அவர் இரகசிய எண் வைத்திருந்தால் நீங்கள் ஏழு நாள் காத்திருக்க நேரலாம். அதற்குள் உறவினர்களைச் சாதாரண அழைப்பில் பிடித்து, உங்கள் பெயரில் பணம் கேட்டால் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். வங்கி விவரமும் போயிருந்தால் முதல் அழைப்பு வங்கிக்கு.