பழைய 6 வோல்ட் பேட்டரி: கூட்டைக் காப்பாற்றிய விதம்

பழைய வண்டியின் அசல் 6 வோல்ட் பேட்டரி கிடைத்தால் கறுப்பு ரப்பர் கூட்டில் விரிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை நம்பவே கூடாது.

தகடுகள் மூழ்க டிஸ்டில்டு வாட்டர் விட்டு, 2 ஆம்பியரில் இரண்டு நாள் சார்ஜ் ஏற்றினேன். மூன்று செல்களில் (அறைகளில்) இரண்டில் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தி அளக்கும் கருவி) 1.250 காட்டியது, அதாவது நன்றாகச் சார்ஜ் ஏறியிருந்தது; மூன்றாவது 1.120-ஐத் தாண்டவில்லை. காரணம் தகடுகளில் சல்பேட் படிவென்றால் மெதுவான சார்ஜில் ஓரளவு மீளும். அடியில் சேர்ந்த ஈய வண்டல் தகடுகளை ஷார்ட் செய்திருந்தால் மருந்தே கிடையாது.

அதனால் உள்ளே புது பேட்டரி வைக்கக் கூட்டை மட்டும் வைத்துக்கொண்டேன். கையுறை, கண்ணாடி போட்டு ஆசிட்டை பிளாஸ்டிக் கேனில் வடித்து, காலிக் கூட்டில் சமையல் சோடா கரைசலை நுரை அடங்கும்வரை ஊற்றினேன். பிறகு தண்ணீர் நிரப்பிக் கொட்டினேன். தங்கிய ஹைட்ரஜன் வெளியேறாமல் சூடு காட்டக் கூடாது. மேலிருக்கும் தாரை ஹீட் கன்னால் இளக்கி (தீச்சுவாலை வேண்டவே வேண்டாம்) தகடுகளைத் தூக்கினேன். செல் தடுப்புகளை ஈரமாகவே அறுக்க வேண்டும், இல்லையென்றால் ஈயத் தூசி பறக்கும். ஈயமும் ஆசிட்டும் மறுசுழற்சிக்கு.

உள்ளே 6 வோல்ட் ஏஜிஎம் பேட்டரி (கண்ணாடி இழைப் பாயில் ஆசிட் ஊறியிருக்கும் சீல் வகை). பழைய முனைகளுக்கு 50 சதுர மி.மீ. கேபிள். மெல்லிய கேபிளில் ஸ்டார்ட்டர் முனகும். பாசிட்டிவ் எர்த் (பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணையும்) வண்டியா என்று பார்த்து இணையுங்கள். வண்டியின் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் 7.4 வோல்ட்டைத் தாண்டினால் ஏஜிஎம் வெந்துவிடும்.